தோற்றவன் முகத்தில் கேமராவை வைத்தவர்: ஜான் ஜி. அவில்ட்சன்

'ராக்கி' என்ற குத்துச்சண்டைப் படத்தின் கடைசி இரண்டு நிமிடங்களை மறுபடியும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பதினைந்தாவது ரவுண்டு முடிந்து மணி அடிக்கிறது. வளையத்துக்குள் ஆட்கள் ஏறிவிடுகிறார்கள். நடுவர்களின் தீர்ப்பை அறிவிப்பாளர் வாசிக்கிறார். ஒருமனதான தீர்ப்பு இல்லை, ஆனால் வெற்றி உலக சாம்பியன் அப்போலோ கிரீடுக்குத்தான். இந்த அறிவிப்பு நம் காதில் பாதிதான் விழுகிறது. இரண்டு கண்ணும் வீங்கி மூடிப்போன ராக்கி, தன் காதலியை "ஏட்ரியன், ஏட்ரியன்" என்று கத்திக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். கூட்டத்தில் முட்டி மோதி அவள் வந்து சேர்கிறாள். வந்த அவசரத்தில் அவளுடைய தொப்பி எங்கோ விழுந்துவிட்டது. "தொப்பி எங்கே?" என்று கேட்கிறான். கட்டிக்கொள்கிறார்கள். படம் உறைந்து முடிகிறது.

நாயகன் தோற்ற படம் இது. தோற்றான் என்பதே பலருக்கு நினைவில் இருக்காது. ஸ்கோரை நம் காதிலிருந்து தள்ளிவைத்து, அந்த இடத்தில் ஒரு முகத்தை வைத்ததுதான் காரணம். எழுதியது, நடித்தது சில்வஸ்டர் ஸ்டலோன். ஆனால் கேமராவை எங்கே வைப்பது, எந்தச் சத்தத்தைக் குறைப்பது, எந்த நொடியில் படத்தை நிறுத்துவது என்று முடிவெடுத்தவர் ஜான் ஜி. அவில்ட்சன். 'ராக்கி', 'தி கராத்தே கிட்' என்று உலகம் முழுக்கப் பலரும் காப்பியடித்த இரண்டு விளையாட்டுப் படங்களைக் கொடுத்தவர். அந்தப் படங்கள் அளவுக்கு அவர் பெயர் தெரியாமல் போனது பெரிய குறை. விளையாட்டுப் படம் எடுக்க நினைப்பவர்கள் யாரிடமாவது தொழில் கற்க வேண்டும் என்றால் முதலில் இவரிடம் கற்கலாம். காசில்லாத இடத்தில் எப்படி வேலை செய்வது என்று தெரிந்தவர் அவர்.

1935 டிசம்பர் 21 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஓக் பார்க்கில் பிறந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்து, ராணுவத்தில் இருந்து, விளம்பரத் துறையில் வேலை பார்த்துவிட்டுச் சினிமாவுக்கு வந்தவர். ஆர்தர் பென், ஓட்டோ பிரெமிஞ்சர் படங்களில் உதவியாளராக இருந்திருக்கிறார். வந்த வழியில் கேமராவையும் எடிட்டிங்கையும் கையால் செய்து கற்றுக்கொண்டார். 1970-ல் வந்த 'ஜோ' படத்துக்கு இயக்கமும் ஒளிப்பதிவும் அவரே. மிகக் குறைந்த செலவில் நியூயார்க் தெருக்களில் எடுத்த படம், செலவைப் போலப் பல மடங்கு சம்பாதித்தது. சூசன் சரண்டன் திரையில் முதலில் தோன்றியது அதில்தான். 1973-ல் 'சேவ் தி டைகர்'. திவாலாகும் நிலையில் இருக்கும் ஓர் ஆடைத் தொழிலதிபரின் கதை. ஜாக் லெமனுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது.

இந்த இரண்டு படங்களிலும் விளையாட்டு இல்லை. ஆனால் பின்னால் வரப்போகும் ராக்கியின் விதை இரண்டிலும் இருக்கிறது. தன்னால் இனி ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்டிவிட்ட மனிதனை அவன் வீட்டுக்குள், அவன் அறைக்குள் போய்ப் பார்ப்பது. அவில்ட்சனுக்குக் கைவந்த இடம் அது. குத்துச்சண்டை பற்றி அவருக்குப் பெரிய ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. ஸ்கிரிப்டில் ராக்கி தன் ஆமைகளோடு பேசும் இடம் வந்ததுமே படத்துக்குள் விழுந்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

'ராக்கி'யின் கணக்கைப் பார்த்தால்தான் அவர் செய்த வேலையின் அளவு புரியும். பட்ஜெட் சுமார் 10 லட்சம் டாலர். படப்பிடிப்பு 28 நாள். கதாநாயகனுக்கு மார்க்கெட் இல்லை. அவனை மாற்றிவிட்டுப் பெரிய நட்சத்திரத்தைப் போட்டால் செலவு செய்யத் தயார் என்று ஸ்டூடியோ சொன்னது, ஸ்டலோன் மறுத்துவிட்டார். தயாரிப்பாளர்கள் இர்வின் விங்க்ளரும் ராபர்ட் சார்ட்டாஃபும். கதை பிலடெல்பியாவில் நடக்கிறது. ஆனால் அங்கே முழு யூனிட்டைக் கொண்டுபோக வசதியில்லை. சின்னக் குழு ஒன்று போய்த் தெருக்களில் தேவையானதை எடுத்துக்கொண்டு வந்தது. சந்தைத் தெருவில் ஓடும்போது ஒருவர் ராக்கியை நோக்கி ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கிப் போடுவாரே, அது திட்டமிட்டு எடுத்ததல்ல. உட்புறக் காட்சிகளும் சண்டையும் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸில்.

காசில்லாததால் என்ன மாறியது என்பதற்கு ஐஸ் ஸ்கேட்டிங் காட்சி ஒன்று போதும். எழுதியபடி பார்த்தால் கூட்டம் நிறைந்த ஸ்கேட்டிங் அரங்கில் ராக்கியும் ஏட்ரியனும் முதன்முறையாக வெளியே போக வேண்டும். முந்நூறு துணை நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. எனவே அரங்கம் மூடியிருப்பதாக மாற்றினார்கள். ராக்கி அங்கிருக்கும் ஊழியரிடம் பேரம் பேசுகிறான். பத்து டாலருக்குப் பத்து நிமிடம். ஏட்ரியன் ஸ்கேட் கட்டிக்கொண்டு தடுமாற, ராக்கி சாதாரணக் காலணியோடு பக்கத்தில் ஓடிக்கொண்டே பேசுகிறான். தூரத்திலிருந்து அந்த ஊழியர் மீதமுள்ள நிமிடங்களைக் கத்திக் கத்திச் சொல்கிறார்.

அந்தக் கத்தலைக் கவனியுங்கள். முந்நூறு பேர் இருந்திருந்தால் அது சாதாரணக் காதல் காட்சி. இப்போது அதற்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பேசத் தெரியாத இரண்டு பேருக்குப் பேசக் கிடைத்தது பத்தே நிமிடம், அதுவும் காசு கொடுத்து வாங்கியது. ராக்கியின் ஏழ்மை, அவன் அவளுக்காகச் செலவழிக்கும் தாராளம், அவளுடைய கூச்சம் எல்லாம் வசனத்தில் சொல்லாமலே வந்துவிடுகிறது. பட்ஜெட் வெட்டினால் காட்சியைச் சுருக்குவதுதான் பெரும்பாலோர் செய்வது. அவில்ட்சன் காட்சியின் நிபந்தனையையே மாற்றிவிட்டார்.

இன்னொரு இடம். சண்டைக்கு முந்தைய இரவு ராக்கி தூக்கம் வராமல் காலி அரங்கத்துக்குப் போகிறான். மேலே அவனுடைய பிரம்மாண்டமான படம் தொங்குகிறது. அதில் கால்சட்டையின் நிறம் தவறு. அவன் அணியப்போவது வெள்ளையில் சிவப்புப் பட்டை, படத்தில் இருப்பது சிவப்பில் வெள்ளைப் பட்டை. நிஜத்தில் கலைப் பிரிவில் நேர்ந்த பிழை. திரும்ப வரைய நேரமும் இல்லை, பணமும் இல்லை. ராக்கியே அதைப் போட்டி அமைப்பாளரிடம் சொல்வதுபோல ஒரு வசனம் சேர்த்தார்கள். "அதெல்லாம் பெரிய விஷயமா?" என்கிற மாதிரி அவர் பதில் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு வரியில் இந்தப் போட்டியில் ராக்கிக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துவிடுகிறது. தொளதொளவென்று வந்த அங்கியையும் இப்படித்தான் வசனமாக்கினார்கள்.

மாடிப்படி ஓட்டம் எப்படி வந்தது என்பதும் சுவையான விஷயம். பிலடெல்பியாவைச் சேர்ந்த கேரட் பிரவுன் அப்போது ஸ்டெடிகேமைக் கண்டுபிடித்து, அதன் திறனைக் காட்ட ஒரு மாதிரிப் படம் எடுத்திருந்தார். அதில் அவருடைய தோழி கலை அருங்காட்சியகத்தின் படிகளில் ஏறி இறங்கி ஓடுவார். அதைப் பார்த்த அவில்ட்சன் இரண்டு கேள்வி கேட்டார்: இதை எப்படி எடுத்தீர்கள், இந்தப் படிகள் எங்கே இருக்கின்றன? கருவியும் லொக்கேஷனும் ஒரே ரீலில் கிடைத்துவிட்டன. படிகளில் டிராலித் தண்டவாளம் போட முடியாது. கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் படம் குலுங்கும். ஸ்டெடிகேமில் கேமரா, உடம்பில் மாட்டும் கவசத்திலிருந்து நீளும் ஸ்பிரிங் கையில் தொங்குவதால் ஓடுபவரின் அதிர்வு லென்ஸுக்குப் போவதில்லை.

ஆனால் கருவியைவிட முக்கியம், அந்தப் படிகளை அவர் இரண்டு முறை காட்டியது. முதல் நாள் அதிகாலை எழுந்து, ஐந்து பச்சை முட்டையை கிளாஸில் உடைத்து ஊற்றிக் குடித்துவிட்டு ஓடப் போகிறான். படி ஏறி முடிப்பதற்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு திணறுகிறான். இசை கிட்டத்தட்ட இல்லை. அது முடிந்து நிறைய நேரம் கழித்துத்தான் பில் கான்டியின் இசையோடு அதே படிகளைப் பறந்து கடக்கிறான். அந்த 72 படிகள் எவ்வளவு கடினம் என்று நம் உடம்புக்கு முதலிலேயே தெரிந்திருப்பதால்தான் இரண்டாவது ஓட்டம் புல்லரிக்க வைக்கிறது. இன்று பல படங்களில் பயிற்சி மாண்டேஜ் மட்டும் இருக்கும், அந்த முதல் தோல்வி இருக்காது. அதனால்தான் அவை வெறும் பாட்டாக நின்றுவிடுகின்றன. இசையமைப்பாளர் சம்பளம், வாத்தியக்காரர்கள், பதிவுக்கூடம், டேப் எல்லாம் சேர்த்துக் கான்டிக்குக் கொடுத்த மொத்தத் தொகை 25,000 டாலர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சண்டைக்கு வருவோம். குத்துச்சண்டையைப் படமாக்கும்போது அடிப்படையான சிக்கல், அடி உண்மையில் விழாது என்பதுதான். பக்கவாட்டில் கேமரா வைத்தால் கையுறைக்கும் தாடைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பளிச்சென்று தெரியும். அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ, வாங்குபவரின் தலைக்குப் பின்னாலோ வைத்தால்தான் இடைவெளி மறையும். நீண்ட லென்ஸ் போட்டால் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள தூரம் இன்னும் சுருங்கும். இதெல்லாம் சரியாக அமைய அடியின் நேரமும் தலை திரும்பும் நேரமும் ஒவ்வொரு டேக்கிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எனவே ஸ்டலோன் எந்தக் கை, எந்த இடம், யார் எந்தப் பக்கம் சாய்வது என்று சண்டை முழுவதையும் எழுதினார். அவரும் கார்ல் வெதர்ஸும் நடனம் பழகுவதுபோல அதை வாரக்கணக்கில் பழகினார்கள். அந்த ஒத்திகைகளை அவில்ட்சன் எட்டு மில்லிமீட்டர் கேமராவில் எடுத்துப் போட்டுக் காட்டினார். எங்கே அடி பொய்யாகத் தெரிகிறது, எங்கே உடம்பு சோம்பலாக அசைகிறது என்று நடிகர்களே பார்த்துத் திருத்திக்கொள்ள முடிந்தது. இதற்கு ஆன செலவு ஒரு நாள் கால்ஷீட்டில் ஒரு பங்குகூட இருக்காது.

அடுத்து, சண்டையைத் தலைகீழாக எடுத்தார்கள். பதினைந்தாவது ரவுண்டில் தொடங்கி முதல் ரவுண்டை நோக்கி. காரணம் ஒப்பனை. மைக்கேல் வெஸ்ட்மோர் செய்த வீங்கிய கண், உடைந்த மூக்கு எல்லாம் ஒட்டுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். வரிசையாக எடுத்தால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவில் யூனிட் முழுவதும் காத்திருக்க வேண்டும். தலைகீழாக எடுத்தால் முழு ஒப்பனையையும் ஆரம்பத்திலேயே போட்டுவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே போகலாம். ஒட்டுவதைவிட எடுப்பது வேகம். இதில் ஒரு சிரமமும் உண்டு. நடிகர் தெம்பாக இருக்கும்போது களைப்பை நடிக்க வேண்டும், நிஜமாகவே களைத்த பிறகு முதல் ரவுண்டின் துள்ளலைக் காட்ட வேண்டும். ரத்தக்கறை, வியர்வை, முடி கலைந்த விதம் என்று கண்டினியூட்டி பார்ப்பவருக்கு எல்லாம் பின்னோக்கி ஓடும். ஒத்திகை இறுக்கமாக இல்லாத யூனிட் இதைச் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

பெரும்பாலான சண்டை ஷாட்டுகளில் கேமரா கயிறுக்கு வெளியே இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பவரின் கண். இதே இரு தயாரிப்பாளர்கள் நான்கு வருடம் கழித்து மார்ட்டின் ஸ்கார்செஸியை வைத்து எடுத்த 'ரேஜிங் புல்' படத்தில் கேமரா வளையத்துக்குள்ளேயே புகுந்துவிடும். அந்தப் படத்துக்கு அது சரி, அந்த மனிதனின் தலைக்குள் போவதுதான் அங்கே நோக்கம். ராக்கியில் நாம் அவனுடைய ஆள், அவனுக்காகக் கத்துபவர்கள். வெளியே இருந்தால்தான் கத்த முடியும். அரங்கம் நிறையக் கூட்டம் கட்டவும் வசதியில்லாததால் வளையத்தின் மேல் மட்டும் விளக்கு, பின்னால் இருட்டு. இருட்டுக்குள் எத்தனை காலி நாற்காலி இருந்தாலும் தெரியாது.

பதினான்காவது ரவுண்டில் ஓரிடம். ராக்கி விழுந்துவிட்டான். மூலையிலிருந்து பயிற்சியாளர் மிக்கியே "எழுந்திருக்காதே" என்கிறார். அப்போலோ இரண்டு கையையும் தூக்கி வெற்றியைக் கொண்டாடத் தொடங்கிவிட்டான். ராக்கி கயிற்றைப் பிடித்து எழுகிறான். அப்போது கேமரா அப்போலோவின் முகத்துக்குப் போகிறது. தூக்கிய கை இறங்குகிறது, அந்தக் கண்களில் வருவது பயமா, மரியாதையா என்று பிரிக்க முடியாது. படத்தின் உச்சம் என்னைப் பொறுத்தவரை இதுதான், முடிவுகூட இல்லை. ராக்கி எழுந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று எதிராளியின் முகம் நமக்குச் சொல்லிவிட்டது. இதற்குப் பிறகு யார் ஜெயித்தால் என்ன?

முடிவும் முதலில் எடுத்தபடி இல்லை. ஆரம்பத்தில் எடுத்தது, கூட்டம் கலைந்துகொண்டிருக்க ராக்கியும் ஏட்ரியனும் கைகோத்துக்கொண்டு நடந்துபோவது. போஸ்டரில் இருக்கும் முதுகுப்புறப் படம் அந்த முடிவின் எச்சம். அது சோர்வாக இருந்ததால் பிறகு மறுபடி எடுத்தார்கள். அதற்குப் பெரிய கூட்டம் கிடைக்காது, எனவே சட்டகத்தை நெருக்கமாக வைத்துச் சிலரைக் கொண்டே நெரிசலை உண்டாக்கினார். நெருக்கமாக வைத்ததால் முகங்கள் பெரிதாயின. இன்று நாம் நினைவில் வைத்திருப்பது அந்த முகங்களைத்தான்.

சண்டை இல்லாத ஒரு காட்சியையும் சொல்லாமல் போக முடியாது. வருடக்கணக்கில் ராக்கியை மட்டம் தட்டிய மிக்கி, அவனுக்குப் பெரிய வாய்ப்பு வந்ததும் மேலாளராக இருக்கிறேன் என்று அவன் அறைக்கு வந்து கெஞ்சுகிறார். ராக்கி கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். கிழவர் தலைகுனிந்து படியிறங்கிப் போன பிறகு உள்ளேயிருந்து வெடித்துக் கத்துகிறான். பிறகு? கேமரா தெருமுனைக்குப் போய்விடுகிறது. ரொம்பத் தூரத்தில் மிக்கி நடந்துபோகிறார், ராக்கி ஓடிவந்து பிடிக்கிறான், என்னவோ பேசுகிறார்கள், கை குலுக்குகிறார்கள். ஒரு வார்த்தைகூட நமக்குக் கேட்பதில்லை. சமாதான வசனம் எழுதியிருந்தால் எத்தனை நன்றாக எழுதினாலும் செயற்கையாக இருந்திருக்கும். கத்தலைக் கிட்டத்தில் வைத்து, மன்னிப்பைத் தூரத்தில் வைத்தது இயக்குநரின் முடிவு.

1976 நவம்பரில் வெளியான படம், பத்து ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்று மூன்றை வென்றது: சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த படத்தொகுப்பு. அந்த வருடம் போட்டியில் இருந்தவை 'டாக்ஸி டிரைவர்', 'நெட்வொர்க்', 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்', 'பவுண்ட் ஃபார் குளோரி'. தகுதி பற்றிய வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. படத்தொகுப்புக்குக் கிடைத்த விருதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

இதற்குப் பிறகு அவர் பாதை சீராக இல்லை. திரைக்கதையில் கருத்து வேறுபாடு வந்தால் விட்டுக்கொடுக்க மாட்டார். ஏற்கனவே 'செர்பிகோ' படத்திலிருந்து தயாரிப்பாளரோடு மோதி வெளியேறியிருந்தார், அது சிட்னி லூமெட் கைக்குப் போனது. 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்திலிருந்தும் படப்பிடிப்பு தொடங்கும் முன்பே நீக்கப்பட்டார். ஆஸ்கர் பரிந்துரைச் செய்தியும் நீக்கப்பட்ட செய்தியும் ஒரே நாளில் வந்தன. அந்தப் படத்தில் ஜான் டிரவோல்டாவின் அறைச் சுவரில் ராக்கி போஸ்டர் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். 'தி ஃபார்முலா', 'நெய்பர்ஸ்' போன்றவை கைகொடுக்கவில்லை. ராக்கியின் அடுத்த மூன்று பாகங்களை ஸ்டலோனே இயக்கினார்.

1984-ல் 'தி கராத்தே கிட்'. ராபர்ட் மார்க் கேமன் எழுதியது, தயாரிப்பு ஜெர்ரி வைன்ட்ராப், பட்ஜெட் 80 லட்சம் டாலர். டேனியல் என்ற பையனுக்குக் கராத்தே கற்றுக்கொடுக்கும் கிழவர் மியாகியின் வேடத்துக்குப் பாட் மொரிட்டாவைப் போட வைன்ட்ராபுக்கு விருப்பமில்லை. மொரிட்டா மேடை நகைச்சுவைக் கலைஞர், தொலைக்காட்சித் தொடரில் சிரிக்க வைத்தவர். அவில்ட்சன் வாதாடவில்லை. மொரிட்டாவை நடிக்க வைத்து வீடியோவில் எடுத்துக் காட்டினார். பிறகு அந்த வேடம் அவருடையதாகி, துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

எட்டு மில்லிமீட்டரில் ஆரம்பித்த பழக்கம் இங்கே முழு வடிவம் எடுத்தது. ஒத்திகைகளைச் சாதாரண வீடியோ கேமராவில் தாமே எடுத்து, காட்சி வரிசைப்படி ஒட்டிப் படத்தின் கச்சா வடிவத்தையே தயாரித்துவிட்டார். அந்தப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. முழு ஒப்பனையும் இல்லை, விளக்கும் இல்லை, டேனியலாக நடித்த ரால்ஃப் மேக்கியோவும் மொரிட்டாவும் சும்மா உடையில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் வெட்டு விழும் இடங்கள் பல, முடிந்த படத்தோடு ஒத்துப்போகும்.

இந்த முறையை யாரும் செய்யலாம். ஒத்திகையின்போது ஒருவர் கைபேசியில் எடுக்கட்டும். முதலில் ஒரே அகல ஷாட்டில் முழுக் காட்சியும். பிறகு எந்த வசனத்தில் யார் முகம் தேவை என்று தோன்றுகிறதோ அதை மட்டும் கிட்டப் போய் எடுங்கள். அன்று இரவே ஒட்டிப் பாருங்கள். இழுக்கும் வசனம் உடனே தெரிந்துவிடும். அதைப் படப்பிடிப்புக்கு முன்பே வெட்டினால் அரை நாள் மிச்சம். நடிகர் ஒரு வரியைச் சொல்வதற்கு முன்பே கண்ணால் சொல்லிவிடுகிறார் என்றால் அந்த வரியும் தேவையில்லை. இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒத்திகையில் வந்த நல்ல தருணத்தை அப்படியே திரும்ப வரவழைக்கப் பார்த்தால் நடிப்பு விறைத்துப்போகும். பதிவைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது கோணத்தையும் நீளத்தையும்தான், நடிகரின் தொனியை அல்ல.

கார் மெழுகு போடும் காட்சியின் கட்டுமானத்தையும் பார்ப்போம். கராத்தே கற்க வந்த டேனியலுக்கு மியாகி கொடுப்பது வீட்டு வேலை. வலது கையால் வட்டமாக மெழுகு பூசு, இடது கையால் வட்டமாகத் துடை, மூச்சை மறக்காதே. அடுத்த நாள் மரத் தரையைத் தேய்ப்பது, பிறகு வேலிக்குப் பெயின்ட், மணிக்கட்டு மேலும் கீழும். பிறகு வீட்டுச் சுவர், பக்கவாட்டில். ஒவ்வொன்றையும் மியாகி முதலில் செய்து காட்டுகிறார், கேமரா கையின் முழு அசைவையும் பொறுமையாகக் காட்டுகிறது. பையன் கொதித்துப்போய்ச் சண்டை போடும் இரவில், மியாகி ஒவ்வோர் அசைவாகச் செய்யச் சொல்லிவிட்டு, திடீரென்று குத்தும் உதையும் விடுகிறார். டேனியலின் கை தானாகத் தடுக்கிறது.

இங்கே படம் பார்ப்பவருக்கும் அந்த அசைவுகள் மனப்பாடம் ஆகியிருக்கின்றன. அதனால்தான் ஒரு விளக்கமும் இல்லாமல் நமக்கும் சட்டென்று பிடிபடுகிறது. வேலைகளை வேக வேகமாக வெட்டிப் பாட்டுக்குள் அடைத்திருந்தால் கை போகும் திசை மனதில் பதிந்திருக்காது, அந்த இரவுக் காட்சி செத்துப்போயிருக்கும்.

சண்டைப் பயிற்சி கொடுத்தவர் பாட் ஜான்சன், கடைசிப் போட்டியில் நடுவராக வருபவரும் அவரே. டேனியலின் எதிரிகளான கோப்ரா காய் கோஷ்டியாக நடித்த இளைஞர்களுக்கும் மேக்கியோவுக்கும் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். இரு தரப்பும் பழகி நண்பர்களாகிவிட்டால் அந்த விறைப்பு போய்விடும். மொரிட்டாவுக்குச் சண்டைக் காட்சிகளில் பதிலாள் கராத்தே ஆசான் ஃபூமியோ டெமுரா.

படத்தின் வேகம் குறைகிறது என்று ஸ்டூடியோ நீக்கச் சொன்ன காட்சி ஒன்று இருந்தது. திருமண நாளில் மியாகி ராணுவச் சீருடையில் குடித்துவிட்டு, தடுப்பு முகாமில் பிரசவத்தில் இறந்த மனைவியையும் குழந்தையையும் நினைத்து அழுவது. மியாகி ஐரோப்பாவில் அமெரிக்காவுக்காகப் போரிட்டுக்கொண்டிருந்தபோது, ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்து வைத்த மான்சனார் முகாமில் மனைவி இறந்துபோகிறாள். கதையை அது ஓர் அங்குலம்கூட நகர்த்தாது என்பது உண்மைதான். அவில்ட்சன் பிடிவாதமாக வைத்துக்கொண்டார். அந்தக் காட்சி இல்லையென்றால் மியாகி தத்துவம் பேசும் கிழவர், அவ்வளவுதான். அதற்குப் பிறகு டேனியல் வளையத்துக்குள் போகும்போது அவனுக்குப் பின்னால் இழந்த மகனின் இடம் இருக்கிறது. மொரிட்டாவின் ஆஸ்கர் பரிந்துரைக்கு இந்தக் காட்சியே காரணம் என்று பலரும் சொல்வது சரி.

போட்டியிலும் எதிராளிக்கு முகம் கொடுக்கிறார். காலை வாரச் சொல்லிக் கோப்ரா காய் குரு உத்தரவிடும்போது, எதிராளியாக நடித்த வில்லியம் சப்காவின் முகத்தில் வரும் தயக்கத்தைக் கேமரா தவறவிடவில்லை. தோற்ற பிறகு கோப்பையைத் தன் கையால் டேனியலிடம் கொடுப்பவனும் அவனே. கொக்கு நிலையில் ஓர் உதை, புள்ளி, கூச்சல், கோப்பை, மியாகியின் சிரிப்பில் படம் உறைகிறது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதாக எழுதியிருந்த வாகன நிறுத்துமிடக் காட்சி 1986-ல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்துக்குப் போனது. முடிவு தெரிந்த பிறகு ஒரு காட்சிகூட அதிகம் ஓடக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார்.

இரண்டாம் பாகம் வசூலில் முதல் பாகத்தை மிஞ்சியது. கதை ஒகினாவாவில், படப்பிடிப்பு ஹவாயின் ஓவாஹு தீவில். 1989-ல் வந்த மூன்றாம் பாகத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. டேனியல் கற்க வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை, எனவே சண்டை மட்டும் மிஞ்சியது. அதே வருடம் வந்த 'லீன் ஆன் மீ' அதைவிட நல்ல விளையாட்டுப் படம் என்பேன், அதில் விளையாட்டே இல்லாவிட்டாலும். நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் சீரழிந்த பள்ளியைத் தலைமையாசிரியர் ஜோ கிளார்க் தூக்கி நிறுத்திய கதை. மாநிலத் தேர்வுதான் அங்கே இறுதிப் போட்டி. மார்கன் ஃப்ரீமனைப் பயிற்சியாளராக நினைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

1990-ல் 'ராக்கி V'. முதலில் எழுதியபடி ராக்கி இறந்துபோவான், அதை நம்பித்தான் அவில்ட்சன் திரும்ப வந்தார். படப்பிடிப்பு நடக்கும்போதே முடிவை மாற்றிவிட்டார்கள். விளைவாக, உடம்பு தளர்ந்து எல்லாம் இழந்த மனிதனின் கதையாகப் போய்க்கொண்டிருந்த படம் கடைசியில் தெருச் சண்டையில் ஜெயிக்கிறது. முதல் படத்தில் ஸ்கோரைத் தள்ளிவைத்தவருக்கு இங்கே வெற்றியைப் பெரிதாகக் காட்ட வேண்டிய நிலை. தன் சீடன் துரோகம் செய்தபோது அந்த மனிதனுக்குள் என்ன உடைந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அதன் பிறகு தென்னாப்பிரிக்க நிறவெறிக் காலத்தில் ஒரு குத்துச்சண்டைச் சிறுவன் வளர்வதைச் சொல்லும் 'தி பவர் ஆஃப் ஒன்' (1992), டேனியல் கிரேக்கின் முதல் படம். காளைச் சவாரி வீரர் லேன் ஃப்ராஸ்டைப் பற்றிய '8 செகண்ட்ஸ்' (1994). காளையின் முதுகில் எட்டு நொடி தாங்க வேண்டும் என்பதுதான் விதி. ஃப்ராஸ்ட் 1989-ல் வயோமிங்கின் ஷயானில் சவாரியை முடித்து இறங்கிய பிறகு காளை முட்டி இறந்தவர். எட்டு நொடி முடிந்ததும் ஆபத்து முடியாது என்பதே அந்த விளையாட்டின் கொடுமை. அவில்ட்சனுக்கு ஏற்ற பொருள்தான், ஆனால் முதல் இரண்டு படங்களின் இறுக்கம் அதில் இல்லை. 1999-ல் எடுத்த கடைசிப் படத்தில் தன் பெயரையே போட விடவில்லை. 2017 ஜூன் 16 அன்று, 81 வயதில், கணையப் புற்றுநோயால் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றும் அதே வருடம் வெளிவந்தது.

பிற்காலப் படங்கள் பலவற்றில் எடிட்டர் வரிசையில் அவர் பெயரும் இருக்கும். 'கராத்தே கிட்'டிலேயே அப்படித்தான். அவரைப் படிக்க நினைப்பவர்கள் அதை வைத்துத் தொடங்கலாம். முதலில் இணையத்திலுள்ள ஒத்திகைப் பதிவில் வேலிக்குப் பெயின்ட் அடிக்கும் பகுதியைப் பார்த்துவிட்டு, உடனே படத்தில் அதே காட்சியைச் சத்தமில்லாமல் பாருங்கள். ஷாட்டுகளை எண்ணுங்கள், கை எத்தனை முறை முழுதாகத் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரவுக் காட்சியில் அந்த அசைவு எந்தக் கோணத்தில் திரும்ப வருகிறது என்று ஒப்பிடுங்கள். 'ராக்கி'க்கு இதே வேலையை இரண்டு படி ஓட்டங்களை வைத்துச் செய்யலாம்.